ஆறு பாயிண்ட் எழுத்து

ஒரு டாக்டர் போர்டுல எது பெருசா இருக்கோணும், எது சின்னதா இருக்கோணும்னு டாக்டர விட போர்டு அடிக்கறவனுக்குத்தான் நல்லாத் தெரியும். ஈரோட்டுல பெருந்துறை ரோட்டுப் பக்கம் இருபத்திரண்டு வருசமா கடை வச்சிருக்கறேன். ஃப்ளெக்ஸ், ஏசிபி போர்டு, லெட்டர் பேட், ஓபி சீட்டு, பில் புக், காது குத்து பத்திரிகை எல்லாம் உண்டு, ஆனா பாதிச் சோறு டாக்டருங்க போடறதுதான். அந்த ரோட்டுல எத்தன ஆஸ்பத்திரின்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பேரு, கீழ பட்டம், பட்டத்துக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஊரோ நாடோ, அப்பறம் ரிஜிஸ்டர் நம்பர், பாக்கற நேரம். அவ்வளவுதான் ஒரு டாக்டர் போர்டு. இதுல அந்த அடைப்புக்குறிக்குள்ள வர்ற நாடு இருக்குது பாருங்க, அங்க தான் வெவகாரமே. எஃப்.ஆர்.சி.எஸ், எம்.ஆர்.சி.பி முடிச்சவிய வந்தா, "தம்பி, லண்டன்ங்கறது பஸ்ல போறவனுக்குத் தெரியோணும்" பாங்க. எடின்பரோல வாங்குன பட்டமா இருந்தாலும் சனங்களுக்கு அது லண்டன் தான். அதே ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ்ல படிச்ச பசங்க வந்தா புரூஃப கையில வச்சுட்டு சித்த நேரம் தயங்குவாங்க, அப்பறம் மெதுவா, "அண்ணா, அந்த பிராக்கெட்ல இருக்கறத மட்டும் கொஞ்சம் சின்னதாப் பண்ணிருங்க" ம்பாங்க. நானும் பண்ணிக் குடுத்திருவேன். மூணு இன்ச் லண்டன், முக்கால் இன்ச் பிலிப்பைன்ஸ். இதுல இன்னொரு கூத்து என்னன்னா பிலிப்பைன்ஸ்ல குடுக்கற பட்டத்துக்கே பேரு எம்.டி, இங்க அது எம்.பி.பி.எஸ்-க்குத்தான் சமம், நம்மூரு எம்.டி மாதிரி மேல்படிப்பு இல்ல. எம்.டி பெருசா நாடு சின்னதா இருந்தா பாக்கறவன் ஸ்பெஷலிஸ்ட்டுன்னு நெனச்சுக்குவான். அது எனக்கும் தெரியும், கேக்கறவிங்களுக்கும் தெரியும்.

இதெல்லாம் இப்ப எழுதறதுக்குக் காரணம் கடைல மாடிப்படிக்கு அடில கிடக்கற ஒரு போர்டு. நாலடிக்கு ரெண்டடி, பழைய சென்னிமலை பெட்ஷீட்டுல சுத்தி வச்சிருக்கறேன். 2022ல அடிச்சது. பேரு இருக்குது, பட்டம் இருக்குது, "பதிவு எண்" னு போட்டு ரெண்டு புள்ளியும் வச்சிருக்குது, அதுக்கப்பறம் ஒண்ணுமில்ல, வெறும் வெள்ளை. என்ற பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, அவரு பொண்ணோட போர்டு அது. பேரெல்லாம் எதுக்கு, அம்மிணின்னே சொல்றேன், வீட்டுலயும் அப்படித்தான் கூப்புடுவோம்.

நான் அடிச்ச நோட்டீஸ்

அண்ணனுக்கு சென்னிமலைப் பக்கம் தறி. அம்மிணி பத்தாவதுல நல்ல மார்க்குன்னு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துனாங்க, அந்த ஸ்கூலுகளப் பத்தி தனியா ஒரு பதிவே எழுதலாம், இப்ப வேண்டாம். 2016ல பிளஸ் டூ முடிச்சா. நீட் இங்க நடைமுறைக்கு வர்றதுக்கு முந்துன வருசம், பிளஸ் டூ மார்க்க வச்சு கட்-ஆஃப். இரநூத்துக்கு 191. கேக்கறவிங்களுக்கு அது பெரிய மார்க்கு, கவர்மெண்ட் சீட்டுக்குப் பத்தல. மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்குச் சொன்ன தொகையக் கேட்டுட்டு அண்ணன் ரெண்டு நாளு யாருகிட்டயும் பேசல.

அந்த சமயத்துல தான் கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஏஜென்ட் என் கடைக்கு வந்தாரு. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு, ஓட்டல்ல செமினார், அஞ்சாயிரம் மல்டிகலர் நோட்டீஸ் வேணும்னு. முன்னாடிப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணு, பின்னாடி கடலு, தென்னை மரம். மேல பெருசா "எம்.சி.ஐ அங்கீகாரம்". எம்.சி.ஐ-ங்கற அப்பத்த இந்திய மருத்துவக் கவுன்சில் வெளிநாட்டுக் காலேஜ் எதுக்கும் அங்கீகாரம் குடுக்கறதே இல்லைங்கறது எனக்கு அப்பத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருப்பேன்னு தான் நெனைக்கறேன். கடைசிப் பக்கத்துல, ஃபோன் நம்பருக்குக் கீழ, ஒரு வரி: இந்தியாவில் பணிபுரிய ஸ்கிரீனிங் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். நான் அத பத்து பாயிண்ட்ல வச்சிருந்தேன். அவரு ஸ்கிரீனுக்கிட்டக் குனிஞ்சு, "இது எடத்த அடைக்குதுங்க, ஆறு பண்ணுங்க" ன்னாரு. பண்ணுனேன். கரு நீல பேக்ரவுண்டுல கருப்பு எழுத்து. அண்ணன் அந்த நோட்டீஸ என் கடை டேபிள் மேல இருந்து தான் எடுத்துட்டுப் போனாரு. "உன்ற கடைல அடிக்கறாங்கன்னா நல்ல பார்ட்டியாத்தான் இருக்கும்" னாரு. ரெண்டு ஏக்கரா வித்தாச்சு. மஞ்சளு போட்டுட்டு இருந்த காடு.

அம்மிணி போனது பிலிப்பைன்ஸுக்கு. அங்க மொதல்ல பி.எஸ்-ன்னு ஒண்ணு படிக்கோணும், அதுக்கப்பறம் நாலு வருசம் எம்.டி. நல்லாத்தான் படிச்சுட்டு இருந்தா. டெங்கு, டைபாய்டு, டிபி எல்லாம் நம்மூரு மாதிரியே அங்கயும், டீச்சருங்க இங்கிலீஷ்ல நடத்தறாங்க, சாப்பாடு தான் ஆகலைன்னு சொல்லுவா. 2020 மார்ச்சுல கொரோனா வந்துது, வந்தவ திரும்பிப் போக முடியல, வெளிநாட்டுப் பசங்களுக்கு அங்க கதவச் சாத்திட்டாங்க. அண்ணன் வீட்டுப் பொடக்காலில இருந்த ரூம்ல உக்காந்து ஃபோன்ல கிளாஸ் கேட்டா. ஒரு செவுத்துக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி ஓடுது. நான் ஒரு நாளு போயிருந்தப்ப, குழந்தைக்கு நெஞ்சுல சத்தம் எப்படி இருக்குதுன்னு ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்கற பாடம் ஓடிட்டு இருந்துது, ஹெட்செட்ட காதோட அழுத்திப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா, பாவமா இருந்துது. அப்படியே 2022ல முடிச்சா. அந்த ஜூலை கடைசில தான் எம்.சி.ஐ-க்குப் பதிலா வந்த மெடிக்கல் கமிஷன் ஒரு அறிவிப்பு விட்டுது, கொரோனாவாலயும் உக்ரைன் போராலயும் திரும்பி வந்து ஜூன் 30க்குள்ள பட்டம் வாங்கிட்ட கடைசி வருசப் பசங்க ஸ்கிரீனிங் பரீட்சை எழுதலாம், ஆனா பாஸானா இங்க ஒரு வருசத்துக்குப் பதிலா ரெண்டு வருசம் இன்டர்ன்ஷிப் பண்ணோணும்னு. அண்ணன் அந்த அறிவிப்புல "எழுதலாம்" ங்கறத மட்டும் படிச்சுட்டு நேரா என் கடைக்கு வந்து போர்டு ஆர்டர் குடுத்தாரு.

நூத்தம்பது

எஃப்.எம்.ஜி.இ-ன்னு சொல்ற அந்த ஸ்கிரீனிங் பரீட்சையப் பத்திச் சுருக்கமாச் சொல்லிர்றேன். மொத்தம் 300 கேள்வி. காலைல 150, மத்தியானம் 150, ஒவ்வொண்ணுக்கும் 150 நிமிசம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம். தப்புக்கு மார்க்கு கொறைக்க மாட்டாங்க. 150 எடுத்தாப் பாஸு, 149 எடுத்தா இன்னொரு ஆறு மாசம். வருசத்துக்கு ரெண்டு தடவ. 2002ல ஆரம்பிச்சது. நூறு பேரு எழுதுனா இருவது பேரு பக்கம் தேறுவாங்க, சில தடவ அதுவும் இல்ல. இதுல கம்யூனிட்டி மெடிசின் மட்டும் 30 மார்க்கு, ஃபாரன்சிக் 10. "சித்தப்பா, ஒடம்பு எல்லா நாட்டுலயும் ஒண்ணு தான், ஆனா இந்த நாப்பது மார்க்குல பாதிக்கு இங்க இருக்கற திட்டமும் சட்டமும் தெரியோணும், அத அங்க யாரு நடத்துவா" ன்னா அம்மிணி. குறையா சொல்லல, சும்மா வெவரம் சொன்னா.

2023 ஜனவரில மொதத் தடவ, 128. ஜூலைல 139. 2024 ஜனவரில 147. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் ஒறம்பரை சனம் ஃபோன் போட்டுக் கேட்டுதுக. கல்யாணத்துல, சீர்ல எங்க பாத்தாலும், "பிலிப்பைன்ஸ் டாக்டரு என்ன பண்றா, பாஸ் பண்ணிட்டாளா?" அந்த "பிலிப்பைன்ஸ் டாக்டர்" ங்கறத ஒரு மாதிரி இழுத்துச் சொல்லுவாங்க. ஒரு கட்டத்துல அவ விசேசத்துக்கு வர்றதையே நிறுத்திட்டா.

இங்க ஒண்ணு நேர்மையா ஒத்துக்கறேன். பரீட்சை வேணும்னு தான் நானும் சொல்லுவேன், இன்னிக்கும். எங்கப்பாவுக்கு சர்க்கரை, நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட். அவருக்கு ஊசி போடறவங்க எதோ ஒரு எடத்துல, எதோ ஒரு ஆளு முன்னாடி தன்னால முடியும்னு காட்டிட்டு வந்திருக்கோணும். காசு கட்டுனாப் பட்டம் குடுக்கற காலேஜும் உலகத்துல இருக்கத்தான் செய்யுது. அதனால அம்மிணி ஃபெயிலானப்ப எனக்கு ரெண்டு மனசு. வெசனமாவும் இருந்துது, "147னா எதோ குறை இருக்குமல்ல" ன்னு உள்ள ஒரு குரலும் இருந்துது. அந்தக் குரல நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா ஒரு தடவ அப்பாவுக்கு ராத்திரி சுகர் எறங்கி நடுங்குனப்ப, அம்மிணி எங்க வீட்டுல தான் இருந்தா, அவ சர்க்கரைத் தண்ணி கலக்கிட்டு இருக்கறா, நான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு "டாக்டர் யாராச்சும் இருக்காங்களா" ன்னு கேட்டுட்டு இருக்கறேன். அவளுக்கு மூணடி தள்ளி நின்னுட்டு. அவ ஒண்ணும் சொல்லல, டம்ளர அப்பா வாய்கிட்ட புடிச்சுட்டு இருந்தா. ஃபோன வச்சதுக்கு அப்பறம் தான் நான் என்ன கேட்டேன்னு எனக்கே ஒறச்சுது.

எம்ஜிஆர் பேரு மான்செஸ்டர்ல

என்ற மச்சினன் பையன் கதை வேற. கோயமுத்தூர்ல எம்.பி.பி.எஸ், நல்லாப் படிப்பான், இங்கிலாந்து போறேன்னு நின்னான். அங்க பிளாப்னு ஒரு பரீட்சை, ரெண்டு பாகம். மொதப் பாகம் மூணு மணி நேரத்துல 180 கேள்வி. ரெண்டாவது பாகம் மான்செஸ்டர்லயே போய்ப் பண்ணோணும். பதினாறு ரூமு மாதிரி வச்சிருப்பாங்களாம், ஒவ்வொண்ணுலயும் நோயாளி மாதிரி நடிக்கறவங்க ஒருத்தரு உக்காந்திருப்பாங்க, எட்டு நிமிசம், மணி அடிச்சா அடுத்த ரூமு. வியாதியக் கண்டுபுடிச்சாப் பத்தாது, "உங்களுக்கு இதுல எது ரொம்பக் கவலையா இருக்குது" ன்னு கேக்கோணுமாம், அதுக்கு மார்க்கு இருக்குதாம். இத இங்க ஒரு ஆஸ்பத்திரி ஓபில பழகிப் பாத்திருக்கறான். காங்கயத்துப் பாட்டி ஒண்ணு, "எனக்கு மூட்டு வலி சாமி, கவலைய எல்லாம் கேட்டீன்னா பொழுது போயிரும், மருமவள்ல இருந்து ஆரம்பிக்கோணும்" ன்னுதாம். அந்தக் கதைய அவன் சொல்லிச் சொல்லி நாங்க சிரிச்சதுக்கு அளவில்ல.

பாஸ் பண்ணிட்டான், ஒரே தடவைல. ஊருக்கே "லண்டன் டாக்டர்". உண்மை என்னன்னா பரீட்சை பாஸாகி, அங்கத்த மெடிக்கல் கவுன்சில்ல பதிவாகி, அதுக்கப்பறம் பதினோரு மாசம் வேலை கிடைக்கல. ஒரு போஸ்ட்டுக்கு நூத்துக்கணக்குல அப்ளிகேஷன். நாலு பசங்களோட ஒரு வீட்டுல, ஹீட்டர் போட்டாக் காசுன்னு கம்பளியச் சுத்திட்டு உக்காந்திருந்தான், எனக்கு மட்டும் வாட்ஸ்அப்ல சொன்னான். மச்சினன் வீட்டுல யாருகிட்டயும் மூச்சு விடல. "மாமா, இங்க மொதக் கேள்வியே நீ எங்க படிச்சேங்கறது தான். கோயமுத்தூர்ங்கறேன். அது எங்க இருக்குதுங்கறாங்க" ன்னு ஒரு நாளு அனுப்பியிருந்தான். நான் என்ன பதில் போடறதுன்னு தெரியாம ஒரு சிரிக்கற பொம்மையப் போட்டு விட்டேன்.

அங்கத்த கவுன்சில் ரிஜிஸ்டர் ஆன்லைன்ல யாரு வேணா பாக்கலாம். அவன் பேரப் போட்டுத் தேடுனேன். பேரு, நம்பர், எந்த வருசம் எங்க பட்டம் வாங்குனான்னு எல்லாம் இருக்குது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மெடிக்கல் யுனிவர்சிட்டின்னு போட்டிருக்குது. வெள்ளைக்காரன் ரிஜிஸ்டர்ல எம்ஜிஆரு. அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டேன், எங்கம்மா ஒரு வாரத்துக்கு எல்லாத்துக்கும் காட்டுச்சு. ஆனா போர்டுக்காரன் கண்ணுக்கு வேற ஒண்ணும் தெரிஞ்சுது. இவனும் இப்ப பிராக்கெட்டுக்குள்ள தான். அங்க இவனுக்கு ஒரு போர்டு அடிச்சா அந்த எம்ஜிஆர் வரியச் சின்னதாப் பண்ணுன்னு சொல்லுவானா மாட்டானா? 1975க்கு முந்தி நம்மூரு எம்.பி.பி.எஸ் பட்டத்த வச்சே அங்க நேராப் பதிவு பண்ணிக்கலாம், அந்த வருசம் தான் நம்ம பட்டத்துக்குக் குடுத்துட்டு இருந்த அங்கீகாரத்த எடுத்தாங்க. அதுக்கு முந்துன தலைமுறைல போயிட்டு வந்தவங்க போர்டு எல்லாம் நான் கடைக்கு வந்த புதுசுல பெயிண்ட்டுல எழுதுனது, லண்டன் அத்தன பெருசா இருக்கும்.

நம்ம பக்கமும் இதே கணக்கு தான். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்த அஞ்சு நாட்டுல படிச்சு அங்கயே மேல்படிப்பும் முடிச்சவங்களுக்கு எஃப்.எம்.ஜி.இ வேண்டியதில்ல. மத்த எல்லாத்துக்கும் வேணும். 2019ல வந்த மெடிக்கல் கமிஷன் சட்டத்துல நெக்ஸ்ட்னு ஒரு பரீட்சை சொல்லியிருக்குது, இங்க படிச்சவங்க, வெளிய படிச்சவங்க எல்லாத்துக்கும் ஒண்ணு. 2023ல நடத்தப் போறோம்னாங்க, ஒத்தி வச்சாங்க, அப்படியே நிக்குது. தமிழ்நாட்டுல அதுக்கு எதிர்ப்பு, அஞ்சு வருசம் பரீட்சை எழுதிப் பாஸான பையன மறுபடி எதுக்கு எழுதச் சொல்றீங்கன்னு. அதுவும் நியாயமாத்தான் தெரியுது. இங்கிலாந்துல அவங்க பசங்களுக்கே இப்ப ஒரு லைசென்ஸ் பரீட்சை கொண்டு வந்துட்டாங்க, பிளாப்பையும் அதே அளவுக்கு ஒத்து வர்ற மாதிரி மாத்திட்டாங்க. ஈரோட்டு மஞ்ச மண்டில எந்த ஊரு மூட்டையா இருந்தாலும் விரலிய ஒடச்சுப் பாத்துத்தான் வெல வெக்கறாங்க. என்ற கட்சி அது தான், ஒடச்சுப் பாக்கோணும், ஆனா எல்லா மூட்டையையும். இதச் சொன்னா கடைக்கு வர்ற லோக்கல் டாக்டருங்க ரெண்டு பேரு என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, போச்சாதுன்னு விட்டுட்டேன்.

ஆகஸ்ட்டுல ஒரு நாளு பொழுதோட

2023, ரெண்டாவது தடவை ரிசல்ட்டு வந்து ஒரு வாரம் இருக்கும். பொழுதோட ஏழு மணி, கடைப் பசங்க கெளம்பிட்டாங்க. அண்ணன் வந்தாரு. டிவிஎஸ்ஸ நிறுத்திட்டு உள்ள வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு, தண்ணி குடிச்சாரு, தறி கூலி பத்தி, பாவு நூல் வெலை பத்தி என்னென்னமோ பேசுனாரு. நானும் கேட்டுட்டு இருந்தேன், வந்த சோலி அது இல்லைன்னு தெரியுது. கடைசிக்கு தலையக் குனிஞ்சுட்டே கேட்டாரு. "தம்பி, அந்தப் போர்டுல ஒரு நம்பரப் போட்டுக் குடுத்துரு. நம்ம பக்கத்துல ஒரு சின்ன ரூமு பாத்திருக்கறேன். காய்ச்சல், சளிக்கு அவ பாக்க மாட்டாளா? ஏழு வருசம் படிச்சிருக்கறா. பாஸானதுக்கு அப்பறம் சரியான நம்பர மாத்திக்கலாம். யாரு வந்து பாக்கறாங்க?"

அவரு சொன்னது உண்மை. நம்பர் போடோணும்ங்கறது விதி, கிளினிக்ல, மருந்துச் சீட்டுல, ரசீதுல எல்லாத்துலயும், அதுவும் 2002ல வந்தது தான். ஆனா இத்தன வருசத்துல ஒரு நோயாளி கூட என்கிட்ட வந்து இந்த நம்பர் சரியான்னு கேட்டதில்ல. நானும் எந்த டாக்டருகிட்டயும் சர்ட்டிபிகேட் காட்டுங்கன்னு கேட்டதில்ல. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கறத அடிக்கறது தான். என் சிஸ்டத்துல நூத்துக்கும் மேல டாக்டர் ஃபைல் இருக்குது, நூத்துக்கும் மேல நம்பர் இருக்குது.

முடியாதுன்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. அந்த மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல வாய் வரல, அந்த ஆறு பாயிண்ட் வரியும் ஞாபகம் வந்துது. சும்மா எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்ணான்னு கோரல் டிராவுல ஃபைலத் தொறந்து, ரெண்டு புள்ளிக்கு அப்பறம் அஞ்சு எண்ணத் தட்டுனேன். எங்க தொழில்ல டம்மி போடறது சகஜம், பத்திரிகைல தேதி முடிவாகலைன்னா எதோ ஒரு தேதியப் போட்டு எடம் பாப்போம். அந்த மாதிரி தான் கை போச்சு. ஸ்கிரீன்ல போர்டு முழுசா வந்துது. அழகா இருந்துது, அதத் தான் சொல்லோணும், ஒரு வருசமா பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்த போர்டு நிறைஞ்சிருச்சு. அண்ணன் எந்திரிச்சு வந்து எனக்குப் பின்னாடி நின்னு பாத்தாரு. சட்டைப் பாக்கெட்ல இருந்து கண்ணாடிய எடுத்துப் போட்டுட்டுப் பாத்தாரு. ரொம்ப நேரம்.

"இது யாரோட நம்பரு தம்பி?"

"யாரோடதும் இல்லீங்ணா. சும்மா தட்டுனது."

"யாரோடதாச்சும் இருக்குமல்லோ."

நான் பதில் சொல்லல. அவரு கண்ணாடியக் கழட்டி மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு, "அழிச்சுப்புடு" ன்னாரு. வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டுது. அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்ச அவரு எடுத்ததில்ல, நானும் எடுத்ததில்ல, இத அவரு படிக்க மாட்டாருங்கற தைரியத்துல தான் எழுதறேன்.

அன்னிக்கு ராத்திரி கடையச் சாத்தல. இந்திய டாக்டருங்க ரிஜிஸ்டர் மெடிக்கல் கமிஷன் வெப்சைட்ல இருக்குது, நம்பரப் போட்டோ பேரப் போட்டோ பாக்கலாம். இத்தன வருசம் இந்தத் தொழில் பண்ணி எனக்கு அன்னிக்குத் தான் தெரியும். நான் தட்டுன அஞ்சு எண்ணப் போட்டு, தமிழ்நாடு கவுன்சில்னு குடுத்தேன். ஒரு அம்மா பேரு வந்துது. தொண்ணூறுகள்ல பதிவு பண்ணவங்க. எங்கயோ இருக்கறாங்க, நாளைக்குக் காலைல ஓபிக்குப் போவாங்க, அவங்க நம்பர் சென்னிமலைப் பக்கம் ஒரு ரூமு வாசல்ல மாட்டியிருக்கப் பாத்துது. அதுக்கு முந்துன டிசம்பர்ல தான் சி.பி.ஐ கேஸ் செய்தி பேப்பர்ல வந்திருந்துது, ஸ்கிரீனிங் பரீட்சை பாஸாகாமயே 73 பேரு பல மாநில கவுன்சில்கள்ல பதிவு வாங்கிட்டாங்கன்னு. படிச்சப்ப, இவனுகளத் தூக்கி உள்ள போடோணும்னு டீக்கடைல பேசுனவன் நானு. அந்த 73ல எத்தன பேருக்கு ஒரு அப்பன் இந்த மாதிரி யாரோட ஸ்டூல்லயாச்சும் வந்து உக்காந்திருப்பான், அவனுக்கு அழிச்சுப்புடுன்னு சொல்ல வாய் வந்திருக்காதுன்னு அன்னிக்குத் தோணுச்சு. தப்பு தப்பு தான். ஆனா அது எப்படி நடக்குதுன்னு என் கையே எனக்குக் காட்டிக் குடுத்திருச்சு.

அதோட விட்டிருக்கலாம். எதோ வேகம், ஃபைல்ல இருந்த நம்பர எல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். சித்தா, ஹோமியோபதி டாக்டருங்க வேற கவுன்சில், அவிய இதுல வர மாட்டாங்க, அவங்கள ஒதுக்கிட்டேன். மணி ரெண்டு ஆச்சு. எல்லாம் சரியா இருந்துது, ஒண்ணத் தவிர. ஆறு வருசமா என்கிட்ட லெட்டர் பேட் அடிக்கற ஒருத்தரு. அவரு குடுத்த நம்பருக்கு வேற ஆளு பேரு வருது, அவரு பேரப் போட்டா ஒண்ணுமே வரல. ரிஜிஸ்டர்ல சில சமயம் விட்டுப் போறதுண்டும்பாங்க, அதனால அடுத்த தடவ அவரு பேடுக்கு வந்தப்ப, நம்பர் தப்பா இருக்குதுங்க போல, சர்ட்டிபிகேட் ஒரு காப்பி குடுத்தா சரி பண்ணி அடிச்சுர்றேன்னு பணிவாத்தான் கேட்டேன். சரி அனுப்பறேன்னாரு. அனுப்பல, கடைக்கும் வர்றதில்ல. அந்தப் பக்கம் போனா அவரு ரூமுல கூட்டம் அப்படியே தான் இருக்குது. அவரு எந்த நாட்டுக்கும் போயிட்டு வந்தவரு இல்ல, போர்டுல பிராக்கெட்டே கிடையாது, பேரும் பட்டமும் நல்லா மூணு இன்ச்சுல நான் அடிச்சுக் குடுத்தது. புகார் எழுதோணும்னு ரெண்டு தடவ உக்காந்தேன். எழுதல. ஏன்னு கேட்டா என்கிட்ட நல்ல பதில் இல்ல. அம்மிணி பாஸா ஃபெயிலான்னு கேட்ட வாய் எதுவும் அவர அந்தக் கேள்வி கேட்டதில்லைங்கறது மட்டும் மனசுல கிடந்து அறுக்குது.

முக்கால் இன்ச்

2024 ஜூலைல நாலாவது தடவ. 171. ரிசல்ட்டு வந்த அன்னிக்கு அண்ணன் தறிய நிறுத்தல, ஆளுகளுக்கெல்லாம் ஜிலேபி மட்டும் வாங்கிக் குடுத்தாராம். பாஸானாலும் உடனே இன்டர்ன்ஷிப் கிடைக்கல, மெடிக்கல் காலேஜ்கள்ல வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு இருக்கற சீட்டுக்கு மேல ஏழரை சதவீதம் தான் எடம். ஏழரைன்னு கேட்டதும் அண்ணி சனி பகவானுக்கு எள்ளு தீபம் போட்டுது, அது ஒரு தனிக் கதை. இப்ப ஒரு அரசாங்க ஆஸ்பத்திரில ரெண்டாவது வருசம். கைல இருக்கறது தற்காலிகப் பதிவு, முடிச்சதும் நிரந்தர நம்பர்.

போன மாசம் நைட் டூட்டி முடிச்சுட்டு கடைக்கு வந்தா, தூக்கக் கலக்கத்துல கண்ணெல்லாம் செவந்து போய். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணாடி விரியன் கடிச்சு ஒரு கூலிக்காரர் வந்தாராம், இருவது நிமிசம் ரத்தம் உறையுதான்னு டெஸ்ட் ட்யூப்ப வச்சுட்டு நின்னதச் சொன்னா. "சித்தப்பா, இருவது நிமிசம் அந்தக் குழாயவே பாத்துட்டு நின்னேன். பரீட்சைல இது ஒரு மார்க்கு கேள்வி" ன்னா. அப்பறம் மாடிப்படிக்கு அடில குனிஞ்சு, பெட்ஷீட்ட வெலக்கி போர்டப் பாத்தா. அவ அதப் பாக்கறது அது தான் மொதத் தடவ.

"இந்த பிலிப்பைன்ஸ் ஏன் இத்தனூண்டு இருக்குது?"

எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க கண்ணுன்னேன்.

"நான் கேக்கலியே" ன்னுட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டா. அந்த வரிய உரிச்சு எடுத்துட்டு, பட்டத்துக்குச் சமமா புதுசா வெட்டி ஒட்டி வச்சிருக்கறேன். நம்பர் எடம் இன்னும் வெள்ளை தான்.

அதுக்கு ஒரு வாரம் கழிச்சு ஒரு ஏஜென்ட் வந்தாரு. பழைய ஆளு இல்ல, புதுசு, சின்னப் பையன், இந்தத் தடவ ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான். மல்டிகலர், அஞ்சாயிரம் காப்பி, டிசைன் பென் டிரைவ்லயே கொண்டு வந்துட்டாரு. கடைசிப் பக்கத்துல பரீட்சை வரி இருந்துது, 54 மாசம் படிப்பு, அங்க ஒரு வருசம் இன்டர்ன்ஷிப், இங்க ஒரு வருசம்னு 2021ல வந்த விதியும் இருந்துது, எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல. நான் அத இழுத்து மொதப் பக்கத்துக்குக் கொண்டு வந்து பதினாலு பாயிண்ட் வச்சு, வெள்ளை பேக்ரவுண்டு போட்டுக் காட்டுனேன். அப்படியே அடிக்கறதுன்னா ரேட்டுல ஆயிரம் கொறைச்சுக்கறேன்னும் சொன்னேன். அவரு ஸ்கிரீனப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, பென் டிரைவக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு எதிர்க்க இருக்கற கடைக்கு ரோட்டத் தாண்டிப் போயிட்டாரு. அந்தக் கடை போர்டும் நான் அடிச்சது தான்.